வெப்பமானி முள் சொல்வது மெய்யா, பொய்யா? டிராக்டரில் சென்சார் கோளாறைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ அறுவடை முடிந்து கும்பப்பூ நடவு தொடங்குவதற்கு இடையே கிடைப்பது சில வாரங்களே. அதற்குள் தாள் மடக்கி உழுது, தொளி அடித்து, வரப்பு வைத்து, மட்டம் செய்து வயலை நடவுக்குத் தயார் செய்தாக வேண்டும். ஏர்மாடுகள் அருகிவிட்ட இந்நாளில் சொந்த டிராக்டர் உள்ளவரும் வாடகைக்கு அமர்த்துபவரும் டிராக்டரையே நம்பியிருக்கிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் முறை வந்திருக்கும் நாளில் டிராக்டர் நடுவயலில் நின்றுவிட்டால் தண்ணீர் முறை தவறும், நாற்று முற்றும், ஆட்களுக்குக் கொடுத்த கூலியும் வீணாகும்.

டிராக்டர் இப்படி நின்றுபோவதற்கு என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாவதும் ஒரு காரணம். சூட்டை முன்கூட்டியே அறிவிப்பதற்காகத்தான் ஓட்டுநரின் கண்முன்னே வெப்பமானி ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த வெப்பமானிக்குச் செய்தி அனுப்பும் சிறு கருவியான சென்சார் பழுதாகிவிட்டால் முள் தவறான செய்தியைச் சொல்லும். வயல் வரப்பில் இப்படி ஒரு பேச்சு நடப்பதுண்டு.

"முள்ளு சிவப்பில நிக்குதே தம்பி?"

"அது சென்சாருக்க கோளாறு அண்ணாச்சி. ஒரு வாரமா இப்பிடித்தான் நிக்குது. நீங்க பயப்படாதீங்க."

அந்த ஓட்டுநர் சொல்வது சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். சோதித்துப் பாராமல் யாராலும் சொல்ல முடியாது. சென்சாரின் விலை சில நூறு ரூபாய்தான். உண்மையான சூட்டைப் பொய் என்று எண்ணி ஓட்டினால் ஹெட் கேஸ்கட் எரிந்து, சிலிண்டர் ஹெட் வளைந்து, பிஸ்டன் பிடித்துக் கொள்ளும். அதைச் சரிசெய்யப் பல ஆயிரம் ரூபாய் செலவாவதோடு பருவமும் தவறிவிடும். ஆகவே முள்ளின் சொல் மெய்யா, பொய்யா என்று கண்டறியும் முறையை உழவர்கள் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சென்சார் வேலை செய்யும் விதம்

என்ஜினைச் சுற்றி ஓடும் நீர் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குச் செல்கிறது. அங்கு விசிறிக் காற்றில் ஆறி மீண்டும் என்ஜினுக்குத் திரும்புகிறது. நீரைத் தள்ளுவது வாட்டர் பம்பு. நீர் போதிய அளவு சூடாகும் வரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் தடுத்து வைப்பது தெர்மோஸ்டாட் வால்வு. பொதுவாக 80 முதல் 95 டிகிரி சென்டிகிரேடு வரையிலான வெப்பத்தில் டீசல் என்ஜின் நன்றாக இயங்கும்.

சிலிண்டர் ஹெட்டிலோ தெர்மோஸ்டாட் கூட்டின் அருகிலோ, நீரில் நுனி படும்படி பித்தளையால் ஆன சிறு திருகு ஒன்று முடுக்கப்பட்டிருக்கும். அதுவே சென்சார். அதனுள் வெப்பத்திற்கேற்ப மின்தடை மாறும் ஒரு சிறு வில்லை இருக்கிறது. நீர் குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை அதிகம், சூடாகச் சூடாக மின்தடை குறையும். மின்தடை குறையும்போது அதிக மின்சாரம் பாய்ந்து முள் சூட்டுப் பக்கம் நகர்கிறது.

இந்த ஒன்றை நினைவில் வைத்துக் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். கம்பி அறுந்தாலோ சென்சார் உள்ளே விட்டுப்போனாலோ மின்சாரம் பாயாது. முள் எப்போதும் குளிர்ச்சியையே காட்டும். கம்பியின் உறை தேய்ந்து என்ஜின் உடலைத் தொட்டாலோ சென்சார் உள்ளுக்குள் ஒட்டிக் கொண்டாலோ மின்சாரம் தடையின்றிப் பாயும். என்ஜின் குளிர்ந்திருந்தாலும் முள் சிவப்பில் போய் நிற்கும்.

பழைய டிராக்டர்கள் சிலவற்றில் மின்கம்பிக்குப் பதிலாக மெல்லிய செப்புக் குழாய் இருக்கும். அதன் நுனியில் உள்ள குமிழில் அடைக்கப்பட்ட திரவம் சூட்டினால் ஆவியாகி, அழுத்தத்தால் முள்ளை நகர்த்துகிறது. இக்குழாய் மடிந்தாலோ கீறல் விட்டாலோ முள் அசையாது. இதை வயலில் வைத்துப் பழுது பார்க்க முடியாது. குமிழ், குழாய், முள் மூன்றையும் ஒரே தொகுப்பாக மாற்ற வேண்டும்.

முதலில் முள்ளை நம்புங்கள்

முள் சிவப்பை எட்டியவுடன் அது உண்மை என்றே கொள்ள வேண்டும். உழவை நிறுத்தி, கருவியைத் தூக்கி, கியரை நியூட்ரலில் போடவும். ரேடியேட்டரில் நீர் இருந்து, விசிறியும் சுற்றிக் கொண்டிருந்தால் என்ஜினை மூன்று முதல் ஐந்து நிமிடங்கள் பளுவின்றி மெதுவாக ஓடவிட்டு, பிறகு நிறுத்தலாம். பெல்ட் அறுந்திருந்தாலோ, நீர் கொட்டிவிட்டாலோ, ஆவி பீறிட்டாலோ உடனே நிறுத்திவிட வேண்டும்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி உள்ளே அழுத்தத்தைத் தக்க வைக்கிறது. ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்திற்கும் நீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒன்றரை டிகிரி உயர்கிறது. ஆகவே உள்ளே 100 டிகிரிக்கு மேற்பட்ட நீர் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்ததும் அது ஆவியாகி முகத்திலும் மார்பிலும் பீறிடும். குறைந்தது அரை மணி நேரமாவது ஆறவிட்டு, மேல் குழாயைத் தொட முடிகிற நிலை வந்த பின்னர், கனத்த சாக்குத் துணியைப் போட்டு மூடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தவும். சூடான என்ஜினில் வாய்க்கால் தண்ணீரை அள்ளி ஊற்றுவது பெருந்தவறு. திடீர்க் குளிர்ச்சியால் ஹெட்டில் விரிசல் விழும்.

உண்மையான சூட்டின் அடையாளங்கள்

சென்சாரைக் குறை சொல்லும் முன் கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

1. நீர் மட்டம். ரேடியேட்டரிலும் உபரி டப்பாவிலும் நீர் குறைந்துள்ளதா? குழாய் இணைப்புகளிலும் வாட்டர் பம்பின் அடியிலும் கசிவின் தடம் உள்ளதா?

2. விசிறி பெல்ட். இரு கப்பிகளுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் அமிழ வேண்டும். அதற்கு மேல் அமிழ்ந்தால் பெல்ட் தளர்ந்துள்ளது. வெப்ப முள் ஏறும் அதே நேரத்தில் பாட்டரி சார்ஜ் விளக்கும் எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கக் கூடும். பல டிராக்டர்களில் ஒரே பெல்ட்தான் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுகிறது.

3. ரேடியேட்டரின் முகம். தொளி அடிக்கும்போது தெறிக்கும் சேறும், அறுவடைக் காலத்தில் பறக்கும் வைக்கோல் தூசியும் பதரும் ரேடியேட்டரின் தகடுகளை அடைத்துவிடும். விசிறிப் பக்கமிருந்து முன்பக்கமாக மிதமான வேகத்தில் தண்ணீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். வேகமான பாய்ச்சல் தகடுகளை மடக்கிவிடும்.

4. எண்ணெய். அளவுகோலை உருவிப் பார்க்கும்போது எண்ணெய் மோர் கலந்தது போல் வெளுத்திருந்தால், நீர் எண்ணெயில் கலந்துள்ளது என்று பொருள். ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். வண்டியை இயக்கக் கூடாது.

5. பளு. கேஜ் வீல் மாட்டி ஆழச் சேற்றில் பெரிய ரோட்டவேட்டரை இழுக்கும்போது மட்டும் முள் ஏறி, மேட்டில் நிறுத்தியதும் மெல்ல இறங்கினால் சென்சார் சரியாகவே வேலை செய்கிறது. பளுவைக் குறைக்க வேண்டும், அல்லது குளிர்விக்கும் அமைப்பில் உள்ள குறையைத் தேட வேண்டும்.

உண்மையான சூடு படிப்படியாக ஏறும், படிப்படியாக இறங்கும். நொடிப்பொழுதில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தாவும் முள் பெரும்பாலும் மின்கோளாற்றைக் காட்டுகிறது. எனினும் ஒரு விலக்கு உண்டு. நீர் மட்டம் சென்சாருக்குக் கீழே போய்விட்டால் அதன் நுனி நீரில் படாமல் ஆவியிலோ காற்றிலோ நிற்கும். அப்போது என்ஜின் எரிந்து கொண்டிருக்கையிலேயே முள் இறங்கிவிடும். ஏறிய முள் வேலைக்கு நடுவே சட்டென்று விழுந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். உடனே நிறுத்தி நீர் மட்டத்தைப் பாருங்கள்.

கம்பியைக் கழற்றிச் செய்யும் சோதனை

மேற்கண்டவை அனைத்தும் சரியாக இருந்தால் இனி மின்சோதனை செய்யலாம். இது ஒற்றைக் கம்பி சென்சார் உள்ள டிராக்டர்களுக்கு மட்டுமே பொருந்தும். என்ஜின் ஓடக் கூடாது. சாவியை மட்டும் முதல் நிலைக்குத் திருப்பவும்.

முள் எப்போதும் சிவப்பில் நின்றால்: சென்சாரின் கம்பியைக் கழற்றி, எதிலும் படாமல் பிடிக்கவும். முள் குளிர்ச்சிப் பக்கம் இறங்கினால் சென்சார் கெட்டுவிட்டது. இறங்காமல் அங்கேயே நின்றால் சென்சார் மீது குற்றமில்லை. கம்பி வழியில் எங்கோ உறை கிழிந்து உலோகத்தைத் தொடுகிறது, அல்லது மீட்டர் பழுது. கம்பி செல்லும் வழி நெடுக, குறிப்பாக புகைக்குழாய் அருகிலும் தகடுகளின் துளைகளிலும் பார்க்கவும். எலி கடித்த இடமும் இருக்கலாம்.

முள் எப்போதும் குளிர்ச்சியில் நின்றால்: கழற்றிய கம்பியின் நுனியை என்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில் ஒரு நொடி மட்டும் தொட்டு எடுக்கவும். முள் சூட்டுப் பக்கம் எழுந்தால் மீட்டரும் கம்பியும் நலம். கோளாறு சென்சாரிலோ அதன் எர்த்திலோ உள்ளது. முள் எழாவிட்டால் கம்பி அறுந்துள்ளது, அல்லது பியூஸ் போயுள்ளது, அல்லது மீட்டர் பழுது. நீண்ட நேரம் தொட்டுக் கொண்டிருந்தால் மீட்டர் கெட்டுவிடும்.

டீசல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்தே தவறாகக் காட்டினால் சென்சாரை மாற்றுவது வீண்செலவு. இரண்டுக்கும் பொதுவான பியூஸ், மின்னழுத்தச் சீராக்கி அல்லது எர்த் கம்பியில்தான் குறை இருக்கும். முன்விளக்கைப் போட்டதும் வெப்ப முள் அசைந்தாலும் எர்த் பிடிமானத்தையே முதலில் பார்க்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் எர்த் கோளாற்றைச் சற்றுக் கூடுதலாகவே கவனிக்க வேண்டும். இராஜாக்கமங்கலம், மணக்குடி போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றாலும், இருபருவ மழையின் ஈரத்தாலும் இணைப்புகளில் பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு பிடிக்கிறது. ஒற்றைக் கம்பி சென்சாருக்கு அதன் திருகுப் புரியே எர்த். அங்கு துருவோ களிம்போ சேர்ந்தால் மின்தடை கூடி, முள் உண்மையைவிடக் குறைந்த சூட்டைக் காட்டும். உண்மையில் நீர் கொதிக்கும் நிலையில் இருக்க, முள் நடுவிலேயே நிற்கும். கூடுதலாகக் காட்டும் கோளாறு நம் வேலையைத்தான் நிறுத்தும். குறைவாகக் காட்டும் கோளாறு என்ஜினையே அழித்துவிடும். பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து மீண்டும் சோதித்த பின்னரே புதிய சென்சார் வாங்க வேண்டும்.

முள் குறைவாகவே நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. "வால்வை எடுத்துவிட்டால் சூடேறாது" என்று எண்ணிச் சிலர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்து விடுகின்றனர். அப்போது என்ஜின் தேவையான சூட்டையே அடையாது. முள் அங்கு சொல்வது உண்மைதான். ஆனால் டீசல் முழுமையாக எரியாமல் கரி படியும், எரியாத டீசல் எண்ணெயில் இறங்கும், சிலிண்டர் விரைவில் தேயும். அத்தகைய வண்டிக்குத் தெர்மோஸ்டாட்டையே வாங்கிப் போட வேண்டும்.

வெந்நீர்ச் சோதனை

சென்சாரைக் கழற்றிய பின் ஐயமறச் சோதிக்க ஒரு மல்டிமீட்டரும் வெந்நீரும் போதும். மீட்டரை ஓம்ஸ் அளவில் வைத்து, ஒரு முனையைச் சென்சாரின் தலையிலும், மறு முனையை அதன் பித்தளை உடலிலும் பிடிக்கவும். இரு கம்பி சென்சாரானால் அதன் இரு முனைகளிலும் பிடிக்கவும். முதலில் சாதாரண நிலையில் அளவைக் குறித்துக் கொள்ளவும். பிறகு ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, சென்சாரின் நுனி மட்டும் மூழ்கும்படி கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, அடுப்பில் மெல்லச் சூடாக்கவும். பாத்திரத்தின் அடியை அது தொடக் கூடாது. பள்ளி ஆய்வுக்கூடங்களில் உள்ளது போன்ற 110 டிகிரி வெப்பமானி கிடைத்தால் 50, 70, 90 டிகிரியில் அளவைக் குறிக்கவும். வெப்பமானி இல்லாவிட்டாலும் பாதகமில்லை. கடல் மட்டத்தை ஒட்டிய நம் ஊர்களில் நன்றாகக் கொதிக்கும் நீர் ஏறத்தாழ 100 டிகிரி என்று கொள்ளலாம்.

மின்தடை சீராகக் குறைந்து கொண்டே வர வேண்டும். இடையில் தாவினாலோ, மாறாமல் நின்றாலோ, எல்லையற்ற அளவு காட்டினாலோ சென்சார் பயனற்றது. அளவுகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கம்ப்யூட்டர் கட்டுப்பாடுள்ள என்ஜின்களில் பரவலாக உள்ள ஒரு வகை சென்சார் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம்ஸ், 80 டிகிரியில் சுமார் 320 ஓம்ஸ், 100 டிகிரியில் 190 ஓம்ஸ் அளவில் காட்டும். முள் மீட்டருக்கான ஒற்றைக் கம்பி சென்சார்களில் அளவுகள் இதைவிடக் குறைவாக இருக்கும். உங்கள் வண்டிக்குரிய அளவைச் சர்வீஸ் புத்தகத்தில் பார்க்கவும்.

புதிய சென்சார் வாங்கும்போதும் இச்சோதனையைச் செய்யலாம். கடைக்காரரிடமே மல்டிமீட்டர் இருக்கும். பக்கத்து டீக்கடையில் ஒரு டம்ளர் வெந்நீர் வாங்கி நுனியை மூழ்கவிட்டால், மீட்டரில் எண் இறங்குவது உடனே தெரியும். போலிப் பொருளைப் போட்டு ஏமாறுவதைத் தவிர்க்கலாம்.

புதிய ரக வண்டிகள்

2023 ஜனவரி 1 முதல் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு டிரெம் நான்காம் கட்டப் புகை விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. இத்தகைய டிராக்டர்களிலும் புதிய அறுவடை இயந்திரங்கள் பலவற்றிலும் என்ஜினைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிறது. சென்சாரில் இரு கம்பிகள் இருக்கும். இவற்றில் கம்பியை உடலில் தொட்டுப் பார்க்கும் சோதனையைச் செய்யக் கூடாது. சென்சார் பழுதானால் கம்ப்யூட்டர் என்ஜினின் சக்தியையே குறைத்துவிடக் கூடும்.

இவ்வண்டிகளில் திரையில் எண் தோன்றும். எஸ்.பி.என். 110 என்பது என்ஜின் நீரின் வெப்பத்தைக் குறிக்கும். அதனுடன் எப்.எம்.ஐ. 3 என்று வந்தால் மின்னழுத்தம் மிகுதி, அதாவது கம்பி விட்டிருக்கலாம். எப்.எம்.ஐ. 4 என்று வந்தால் மின்னழுத்தம் குறைவு, அதாவது கம்பி எங்கோ தொட்டிருக்கலாம். எப்.எம்.ஐ. 0 என்று வந்தால் வெப்பமே அளவு மீறிவிட்டது என்று பொருள். அப்போது வண்டியை நிறுத்திவிட வேண்டும். எண்ணைக் குறித்து வைத்துக் கொண்டு மெக்கானிக்கிடம் சொன்னால் அவர் வேலையும் எளிதாகும், உங்கள் செலவும் குறையும்.

சென்சார் மாற்றும் முறை

1. என்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றவும்.

2. ரேடியேட்டரின் அடிக் குழாயைத் திறந்து, சென்சார் மட்டத்திற்குக் கீழே இறங்கும் அளவு நீரைச் சுத்தமான பாத்திரத்தில் பிடிக்கவும். கூலன்ட் கலந்த நீர் இனிப்புச் சுவையுள்ளது, ஆனால் கொடிய நஞ்சு. ஆடு மாடுகளும் நாய்களும் குழந்தைகளும் அண்டாதபடி வைக்கவும். வாய்க்காலிலோ வயலிலோ கொட்டக் கூடாது.

3. சரியான அளவுள்ள ஸ்பேனரால் கழற்றவும். பித்தளை மென்மையானது. சுத்தியலால் தட்டினால் தலை முறிந்து, புரி உள்ளேயே தங்கிவிடும்.

4. புதிய சென்சாரின் புரியும் நீளமும் பழையதை ஒத்திருக்க வேண்டும். பழையதைக் கையோடு கொண்டுபோய், வண்டியின் மாடலையும் பாகத்தின் எண்ணையும் சொல்லி வாங்குவது நல்லது.

5. அதற்குரிய செப்பு வாஷரைப் போட்டு, முதலில் கையாலும் பிறகு ஸ்பேனரால் அளவாகவும் முடுக்கவும். ஒற்றைக் கம்பி சென்சாரில் கசிவுக்குப் பயந்து டெஃப்லான் நாடாவைத் தடிமனாகச் சுற்றினால் எர்த் கிடைக்காது. புதிய சென்சாரும் பொய் சொல்லும்.

6. நீரை நிரப்பி, பாட்டரியை இணைத்து, என்ஜினை 15 நிமிடம் ஓட்டி முள் மெல்ல ஏறி நடுவில் நிற்கிறதா, கசிவு உள்ளதா என்று பார்க்கவும். ஆறிய பின் நீர் மட்டத்தை மீண்டும் பார்த்து நிரப்பவும். உள்ளே தங்கிய காற்று வெளியேறியதும் மட்டம் சிறிது இறங்கும்.

கிணற்று நீரும் கூலன்ட்டும்

"நம் ஊரில் பனியே பெய்வதில்லையே, கூலன்ட் எதற்கு?" என்று உழவர்கள் கேட்கின்றனர். நீர் உறையாமல் இருப்பதற்கு மட்டுமன்று, துருவைத் தடுக்கவும் கொதிநிலையை உயர்த்தவும் கூலன்ட் தேவை. கடலோரக் கிணறுகளின் உப்பு நீரை ஊற்றினால் சென்சாரின் நுனியில் உப்புப் படிந்து, சூடு வில்லைக்கு எட்டாது. முள் தாமதமாகவே ஏறும். கூலன்ட்டையும் காய்ச்சி வடித்த நீரையும் கம்பெனி சொல்லும் விகிதத்தில் கலந்து ஊற்றி, குறித்த காலத்தில் மாற்றவும். வயலில் அவசரத்திற்கு வேறு நீர் ஊற்ற நேர்ந்தால், வேலை முடிந்ததும் அதை வடித்துவிட்டு மீண்டும் கூலன்ட் நிரப்ப வேண்டும்.

பவர் டில்லர் வைத்திருப்போர் கவனத்திற்கு: பல பவர் டில்லர்களில் வெப்ப முள்ளே கிடையாது. ஒவ்வொரு நாளும் இயக்கும் முன் நீர் மட்டத்தைப் பார்ப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு.

வாடகைக்கு எடுப்போர் கேட்க வேண்டியவை

டிராக்டரை வாடகைக்கு எடுக்கும் சிறு விவசாயிகளும் இதில் அக்கறை கொள்ள வேண்டும். வண்டி வயலில் இறங்கும் முன், சாவியைத் திருப்பியதும் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இரவு முழுதும் நின்ற வண்டியில் முள் குளிர்ச்சியில் நிற்க வேண்டும். அரை மணி நேர உழவுக்குப் பின் ஏறக்குறைய நடுவில் நிற்க வேண்டும். முதலிலேயே சிவப்பில் நின்றாலும், அரை மணி கழித்தும் அசையாமல் இருந்தாலும் ஓட்டுநரிடம் சொல்லி, மேலே சொன்ன கம்பிச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். அதற்குப் பத்து நிமிடம் போதும்.

பருவம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே பெல்ட், ரேடியேட்டர், நீர், சென்சார் கம்பி, எர்த் ஆகிய ஐந்தையும் பார்த்து முடித்துவிட்டால், பேச்சிப்பாறைத் தண்ணீர் வாய்க்காலில் வரும் நாளில் டிராக்டர் தடையின்றி வயலில் இறங்கும். முள் பொய் சொல்கிறது என்று தெரிந்த வண்டியை, அதைச் சரிசெய்யாமல் ஒரு நாள் கூடத் தொளியில் இறக்க வேண்டாம்.